கழி பிடித்தவள் பேர்

“இந்த ஆத்துக்கு என்னா பேரு மாமா?”

“எந்த ஆத்துக்கு?”

“தோ, கண்ணு முன்னால போவுதே, இதுக்குத்தான்.”

“ஆறு.”

“ஆறுன்னா? நான் பேரு கேட்டேன்.”

“அதான் பேரு. ஊருக்கு இருக்கறது ஒரே ஆறு. அதுக்குப் பேரு வேற எதுக்கு? கூட்டத்துல தொலஞ்சா போயிரும்?”

“எங்க ஊர்ல இது நாணலாறு. வர்றப்ப ரோட்டுப் பாலத்துல போர்டு பாத்தேன், சித்தோடைன்னு போட்டிருந்துச்சு. இங்க வந்தா ஒண்ணுமே இல்லங்கிறீங்க.”

“வர்ற வழியில அங்கங்க கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தட்சிணாமூர்த்தி சிரித்தான்.

கல்யாணமான மூன்றாம் நாள் சாயங்காலம் அது. புதுப்பெண்ணுக்குக் கடல் காட்டுகிறேன் என்று கூட்டி வந்து மணல் மேட்டில் உட்கார வைத்திருந்தான். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல். காற்றில் அவளுடைய புதுச்சேலை ஒரு இடத்தில் நிற்கவில்லை.

“ஆத்துக்குத்தான் பேரு இல்ல. மொகத்தாரத்துக்கு உண்டு” என்றான், ஆறு கடலில் விழும் இடத்தைக் கை காட்டி. “இப்ப இது ராபர்ட் மொகத்தாரம். போன வருசம் தோ, அந்தத் தாழம்பொதர்கிட்ட தெறந்துச்சு. அது மாரிமுத்து மொகத்தாரம். மணலு வந்து மூடிக்கும். மழத்தண்ணி வந்ததும் வேற எடத்துல வெட்டி வுடுவோம். புதுசா தெறந்ததும் மொதமொதல்ல எந்தப் படகு வெளிய போவுதோ…”

“அந்தப் படகுக்காரர் பேரு.”

“அதான் இல்ல. படகு எவனுதா இருந்தா என்னா? முன்னால கழி புடிச்சு நின்னு, இங்க ஆழம், இங்க மணலுன்னு வழி சொல்றான் பாரு, அவன் பேரு. மறுபடி மூடுற வரைக்கும் அவந்தான் ராசா.”

“பொம்பள பேரு வச்சதுண்டா?”

“பொம்பள எந்தக் காலத்துல கழி புடிச்சா?”

“நான் புடிச்சிருக்கேன். எங்கப்பா தோணியில.”

“அது முட்டி அளவு தண்ணி.”

“வெள்ளம் வந்தப்ப வந்து பாத்திருக்கணும், முட்டியா கழுத்தான்னு.”

அவன் மறுபடியும் சிரித்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்பு. அதைப் பார்த்ததும், காலையிலிருந்து தொண்டையில் நின்றதை அவனிடம் கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் பேர் தங்கம்மாள். அவளுடைய மாமியாரின் பேரும் அதுதான். பெண் பார்க்க வந்தபோது இரண்டு வீட்டாரும் அதைச் சொல்லிச் சிரித்ததோடு சரி. அன்று காலையில்தான் அடுப்பங்கரையில் வைத்து மாமியார் தீர்ப்பு வழங்கினாள்.

“நல்லாருக்கே கத! எம் மொவன் பெத்தவ பேரச் சொல்லிப் பொண்டாட்டிய அதட்டுவானா? ‘ஏ தங்கம்மா, சோத்தப் போடு’ன்னு அவன் கத்துனா நானில்ல திரும்பிப் பாப்பேன்? அதெல்லாம் சரிப்படாது. இந்த வூட்டுல நான் பெரியவ, நீ சின்னவ. அவ்ளோதான்.”

கெட்ட மனசோடு சொன்னதில்லை. சொல்லிவிட்டு மருமகள் தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தாள். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ‘யாருமில்லாத எடத்துலயாவது, இந்த மாரி ஆத்தங்கரையிலயாவது, எம் பேர ஒரு தடவ சொல்லுங்க’ என்று கேட்க நினைத்தாள். அதற்குள் யாரோ கரையிலிருந்து “தச்சணா!” என்று கூப்பிட, அவன் எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கு உள்ளே போன வார்த்தை, மகள் பிறந்து வளர்ந்து, பண்ருட்டியில் வாக்கப்பட்டுப் போன பிறகும் வெளியே வரவில்லை.

*

நொச்சித்திட்டில் ஓடும் அந்த ஆறு பெரிய ஆறெல்லாம் இல்லை. வேலங்கொல்லை ஏரி நிரம்பி வழிகிற இடத்தில் பிறந்து, வயல்களின் ஓரமாக நாணலும் கோரையுமாக நடந்து, கடலூர்-சிதம்பரம் ரோட்டுக்கு அடியில் புகுந்து வரும். கடலைக் கண்ட பிறகும் நேரே போய்ச் சேராது. மணல் மேடு வழியை மறிக்கும். அங்கே தெற்கே திரும்பிக் கடலோடு ஒட்டியே வெகுதூரம் நடக்கும். நடுவில் ஒரு மணல் திட்டுதான். அலைச் சத்தம் ஆற்றுக்குக் கேட்கும், ஆற்றின் மணம் கடலுக்குத் தெரியும். ஆனால் எந்த இடத்தில் கலப்பது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக முடிவு செய்துகொள்ளும்.

சின்னவளும் அந்த ஆற்றோடு ஒட்டியே நடந்தாள். கூடையைச் சுமந்துகொண்டு ஷேர் ஆட்டோவில் பரங்கிப்பேட்டைக்குப் போனால் அங்கே பாய் வீடுகளில் அவள் கூடைக்காரம்மா. மீன் மிஞ்சினால் பஸ் பிடித்துச் சிதம்பரம் போவாள். அங்கே மீன்காரம்மா. தெருவில் சின்னவ, சின்னக்கா, சின்னத்த. மகள் தீபிகா சிதம்பரத்தில் காலேஜ் படித்தபோது அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, “அம்மா நம்பர என்னா பேர்லப்பா போட?” என்று கேட்டாள். தட்சிணாமூர்த்தி கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, “வீடுன்னு போடு” என்றான். பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள் காதில் அது விழுந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

மாமியார் போய்ச் சேர்ந்து கருமாதி எல்லாம் முடிந்த மறுநாள், அவளுக்குள் ஒரு சின்ன ஆசை எழுந்தது. வீட்டில் இனி ஒரே தங்கம்மாதானே. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். “ந்தா, தண்ணி கொண்டா” என்றான் அவன். பழக்கம் அப்படியே உறைந்துவிட்டிருந்தது. அம்மா பேர் என்று ஆரம்பித்தது, கடைசியில் கூச்சமாக நின்றுபோனது.

மற்றபடி அவனைக் குறை சொல்ல எதுவுமில்லை. காய்ச்சல் என்று படுத்தால் பரங்கிப்பேட்டை போய் ஆரஞ்சு வாங்கி வருவான். மடவை மீன் அகப்பட்டால் அவளுக்குப் பிடிக்கும் என்று ஏலத்துக்குப் போடாமல் நாலு எடுத்து வைப்பான். பேர் மட்டும் வாயில் வராது.

*

போன வருஷ ஐப்பசியில் திறந்த முகத்துவாரத்துக்குத் தட்சிணாமூர்த்திதான் கழி பிடித்தான். வாழ்க்கையில் முதல் தடவை. தட்சிணா முகத்துவாரம் என்று கடலூர் துறைமுகம் வரைக்கும் பேர் ஆயிற்று. அதிலிருந்து அவன் நடை மாறிப்போனது. கோடையில்கூட அது மூடவில்லை. “எம் பேரு வச்சதாச்சே, சும்மாவா?” என்று டீக்கடையில் உட்கார்ந்து அளப்பான்.

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். பெரும்பாலான படகுகளைக் கடலூர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகக் கட்டிவிட்டு ஆட்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். தட்சிணாமூர்த்தியின் வலை மட்டும் கடலில் கிடந்தது. காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு விடியற்காலை, அக்கா மகன் அறிவழகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

“போவாத மாமா. நேத்து சாயங்காலம் நடுவுல மணலு வெள்ளையா தெரிஞ்சிச்சு. மொகத்தாரம் சுருங்குது.”

“வலைய எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்.”

“திரும்பி வர்றதுக்குள்ள மூடிக்கிச்சுன்னா?”

“யாருது, எம் மொகத்தாரமா? ஒரு வருசமா என்ன ஏமாத்தல, இன்னிக்கா ஏமாத்தும்? நீ கொழம்ப வையி.”

அவள் குழம்பு வைத்தாள். புளி கரைக்கும்போதே கடல் சத்தம் மாறிவிட்டது. தூரத்தில் எங்கோ அடித்த காற்றுக்கு இங்கே பெரிய பெரிய அலையாக வந்து விழுந்தது. ஒவ்வொரு அலையும் கை நிறைய மணலை அள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தில் கொட்டியது. வெயில் ஏறுவதற்குள் தட்சிணா முகத்துவாரம் இருந்த இடத்தில் நாய் ஒன்று கால் நனையாமல் அக்கரைக்கு நடந்து போனது.

போன் அடித்தது.

“நாந்தான்” என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் பேச ஆரம்பிப்பான். “எஞ்சின் புடிச்சிக்கிச்சு, சுத்த மாட்டேங்குது. அலைக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கிறோம். மொகத்தாரம் எப்புடி இருக்கு?”

அவள் போனோடு வாசலுக்கு வந்து மணல் மேட்டைப் பார்த்தாள்.

“ந்தா, ஒன்னத்தான். எப்புடி இருக்கு?”

“மூடிக்கிச்சு மாமா.”

அந்தப் பக்கம் அவன் அறிவழகனிடம் நங்கூரக் கயிற்றைப் பார்க்கச் சொல்வது கேட்டது.

“கவுறு தாங்கும்” என்றான் கடைசியில். “சாயங்காலம் வரைக்கும் தாங்கும். பயப்படாத.”

*

ஏலக் கொட்டகையில் ஊர்த்தலைவர் வைத்திலிங்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மேற்கே ராத்திரி பெய்த மழையெல்லாம் ஆற்றில் இறங்கிவிட்டது. வழி அடைபட்ட தண்ணீர் கீழத்தெரு வாசல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“மணல் வெட்டுற மிஷினு வருதாம்மா. சொல்லியாச்சு.”

“காலைலேந்து வருது” என்றாள் பக்கத்து வீட்டு ஜெயராணி. “பாலத்துகிட்ட டீ குடிச்சிகிட்டு நிக்கிதாம் ஒங்க மிஷினு. ரோட்டுல தண்ணி ஓடுதாம், அதுக்குக் கால் நனையுமாம்.”

“மிஷினு இல்லாத காலத்துல யாரு வெட்டுனா தலைவரே?” என்று கேட்டாள் சின்னவள். “மம்புட்டிய எடுங்க. எங்க வூட்டு ஆளு வெளிய நிக்கிறாரு.”

ஆண்களில் பாதிப் பேர் கடலூரில். இருந்த கிழவர்கள், இளவட்டங்கள், பொம்பளைகள் எல்லாரும் மணல் மேட்டுக்கு ஏறினார்கள். தாழம்புதருக்குத் தெற்கே மேடு தாழ்ந்திருந்தது. அங்கேதான் வெட்டுவது என்று முடிவாயிற்று. கடல் பக்கத்திலிருந்து ஆற்றை நோக்கி வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஆற்றங்கரையில் ஒரு வரப்பை மட்டும் கடைசி வரைக்கும் விட்டு வைக்க வேண்டும். கடல் வற்றுகிற நேரம் பார்த்து அதை உடைத்தால், மீதி வேலையை ஆறே பார்த்துக்கொள்ளும்.

சின்னவள் சேலைக்கு மேல் புருஷனின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். வெட்ட வெட்ட ஈர மணல் சரிந்தது. ஜெயராணி அன்னக்கூடையில் அள்ளி அள்ளிக் கொட்டினாள்.

“ஏன்டி சின்னவளே, சட்ட நல்லா பொருந்துதே. ஒன் வூட்டுக்காரரு இனிமே சேல கட்டிக்க வேண்டியதுதான்.”

“வந்ததும் கட்டி வுடுவோம். மொதல்ல அள்ளு.”

தூறல் விழுந்தது. யாரோ வாளியில் கொண்டுவந்த வரக்காப்பியை மண்கையோடு வாங்கிக் குடித்தார்கள். மத்தியானம் கடல் பாதிக்குமேல் வற்றியிருந்தது. வைத்திலிங்கம் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, “வெட்டுங்க!” என்றார். கடைசி வரப்பில் மம்புட்டி விழுந்தது. விரல் தடிமனில் ஒரு நீர்க்கோடு தயங்கித் தயங்கி மணலில் இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை அகலமாயிற்று, ஆள் அகலமாயிற்று. எல்லாரும் கத்திக்கொண்டு கரைக்குத் தாவினார்கள். இரண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்தென்று இடிந்து விழ, செம்மண் நிறத்தில் ஆறு கடலுக்குள் பாய்ந்தது. கீழத்தெருப் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

*

இனி ஒரு படகு போய் அவர்களை இழுத்து வர வேண்டும். உள்ளே கிடந்ததில் ஓடுகிற நிலையில் இருந்தது வைத்திலிங்கத்தின் படகு ஒன்றுதான். எஞ்சின் பிடிக்க அவர் மகன் செந்தமிழ்செல்வன் இருந்தான். கழி பிடிக்கத்தான் ஆளில்லை. வைத்திலிங்கத்துக்குப் போன மாசம்தான் கண் ஆப்பரேஷன் ஆகியிருந்தது.

செந்தமிழ்செல்வன் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்தான். “கடல் அலைன்னா கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேம்ப்பா. இது ஆத்து வெள்ளம். எங்க இழுக்கும், எங்க தள்ளும், ஒண்ணும் புரியல.”

“எனக்குப் புரியும்” என்றாள் சின்னவள். “வேலங்கொல்லையில எங்கப்பா தோணி போட்டாரு. வெள்ளம் வந்தா ரெண்டு பேரு கழி போடணும். அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இதே ஆறு, இதே தண்ணி.”

வைத்திலிங்கம் தலையைச் சொறிந்தார். “அதுக்கில்லம்மா சின்னவளே. பொம்பள படகுல ஏர்றது நம்ம ஊர்ல பழக்கம் இல்ல…”

“படகு மீன் எந் தலையில ஏர்றப்ப மட்டும் பழக்கம் இருக்குதா? கழியக் குடுங்க தலைவரே. கவுறு சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்னாரு.”

அவர் கொடுத்தார். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சோற்றுத் தூக்கை உள்ளே வைத்துவிட்டுப் படகின் மூக்கில் போய் நின்றாள். கையில் மூங்கில் கழி கனத்தது. அந்தக் கனம் உள்ளங்கைக்கு மறந்திருக்கவில்லை.

“எஞ்சின ஏத்தாத. ஆறே கொண்டுபோவும். நடுவுல வழுவழுன்னு நாக்கு மாரி போவுது பாரு, அதுலயே வுடு.”

படகு புது முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இடப்பக்கக் கரை மோத வந்தபோது கழியை ஊன்றித் தள்ளினாள். தோள் விண்ணென்று தெறித்தது. சோத்தாங்கைப் பக்கம் மணல் தலை காட்டியது. “நொட்டாங்கைப் பக்கம் ஒடி! இன்னும்!” கரையில் ஊரே படகோடு ஓடி வந்தது. முன்னால் ஆறும் அலையும் முட்டிக்கொள்கிற இடத்தில் நுரை மதிலாக எழுந்து எழுந்து உடைந்தது.

“நிறுத்தி வையி… வரட்டும்… இதுவும் வரட்டும்…” ஒரு பெரிய அலை உடைந்து சரிந்தது. “இப்ப ஏத்து!”

எஞ்சின் அலறியது. மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பி, தொப்பென்று விழுந்தது. தலை முதல் கால் வரை உப்புத் தண்ணீர். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அலை எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

தூரத்துப் படகில் அறிவழகன் எழுந்து நின்று கையை ஆட்டினான். “மாமா! நம்ம சின்னத்த மாமா! கழியோட நிக்கிது!”

தட்சிணாமூர்த்தி நம்பவில்லை. படகுகள் பக்கத்தில் வந்து கயிறு கட்டின பிறகும் நம்பின மாதிரி தெரியவில்லை.

“ஒன்ன யாரு வரச் சொன்னது?”

“நீதான போன் பண்ண.”

“நான் வூட்டுக்கில்ல பண்ணேன்!”

“நாந்தான வூடு.”

அறிவழகன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். செந்தமிழ்செல்வன் எஞ்சினில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தான்.

வற்றுகிற நேரத்தில் திரும்பி நுழைய முடியாது. கடல் ஏறி, ஆற்றின் வேகத்தை மட்டுப்படுத்துகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இரண்டு படகும் கயிற்றில் பிணைந்து ஒன்றுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவள் தூக்கைத் திறந்தாள். சோறு, காலையில் வைத்த மடவைக் குழம்பு. கைப்பிடிச் சோறாக உருட்டி நாலு பேரும் தின்றார்கள்.

“எம் மொகத்தாரம் போச்சா?” என்று கேட்டான் தட்சிணாமூர்த்தி.

“நாய் நடந்து போச்சு மாமா அதுல.”

“நீ அப்பவே சொன்ன.”

“சொன்னேன்.”

அவன் இரண்டாவது உருண்டையை வாங்கிக்கொண்டான். “கொழம்பு நல்லாருக்கு” என்றான். அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கடல் ஏறியது. பெரிய அலை ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். இழுவைக் கயிற்றில் புருஷனின் படகு பின்னால் வந்தது. மூக்கில் நின்று அவள் சொன்ன வழியில் இரண்டு படகும் வளைந்தன. தட்சிணாமூர்த்தி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கரையில் கத்தின கத்தல் பரங்கிப்பேட்டைக்கே கேட்டிருக்கும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. கழி பிடித்தவர்தான் வழிக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, தன் உடம்பில் கிடக்கிற துணியைக் கிழித்துக் கொடி கட்ட வேண்டும். அவள் நீலச் சட்டையின் கையைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள்.

“ஏய், அது நல்ல சட்ட!”

“இப்ப ஊருக்கே நல்ல சட்ட” என்று சொல்லிவிட்டு அடுத்த கையையும் கிழித்தாள்.

*

மறுநாள் காலை வெயில் சுத்தமாக அடித்தது. ஏலக் கொட்டகையில் வைத்திலிங்கத்தின் போன் ஓயவில்லை.

“கடலூர்ல நிக்கிறவனுங்கல்லாம் வரணுமாம். எந்த மொகத்தாரம், எந்த மொகத்தாரம்னு உயிர எடுக்கறானுங்க. பேரு சொல்லணும்பா.”

“சின்னவ மொகத்தாரம்” என்றது ஒரு குரல்.

“அது பேராய்யா? நாளைக்கு வேற எவ வூட்டுச் சின்னவளாவது வந்து என்னுதும்பா. ஏம்மா, ஒன் நெசப் பேரு என்னா?”

ஜெயராணி வாயில் விரலை வைத்தாள். “அட, ஆமா! இத்தினி வருசமா பக்கத்து வூட்டுல இருக்கேன், எனக்கே தெரியாதே!”

எல்லார் கண்ணும் தட்சிணாமூர்த்தியிடம் போனது. “சொல்லுய்யா, ஒன் பொண்டாட்டி பேரு என்னா?” அவன் கால் பெருவிரலால் மணலைக் கிளறினான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

“தங்கம்மா” என்றாள் அவள்.

“அது ஒன் மாமியா பேருல்ல?”

“எங்கப்பா எனக்கு வச்ச பேரும் அதான்.”

“அடி சக்க!” என்று ஜெயராணி தொடையில் தட்டிக்கொண்டாள். “மேல இருக்கற கெழவிக்கு ஓசியிலயே பேரு வந்துருச்சு பாரு!” சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. தங்கம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. மாமியார் இருந்திருந்தால் ஊர் முழுக்க நடந்து நடந்து சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வைத்திலிங்கம் போனை எடுத்து உரக்கச் சொன்னார். “தங்கம்மா மொகத்தாரம்யா. தாழம்பொதருக்குத் தெக்க. நீலத்துணி கட்டியிருக்கு. ஆமா, தங்கம்மா!”

பத்து மணிக்கெல்லாம் படகுகள் வரிசை கட்டி வந்தன. நீலக் கொடிகளுக்கு நடுவே நுழையும்போது ஒவ்வொன்றும் “தங்கம்மாவோய்!” என்று கூவிவிட்டுப் போனது. அன்றைக்கு அவள் கூடையோடு பரங்கிப்பேட்டை போனாள். வாசலில் நின்ற பாயம்மா முகம் மலர, “வாங்க தங்கம்மா! ஒங்க பேருல கடலே தொறந்திருக்காமே? மாஷா அல்லாஹ்!” என்றார். கூடை அன்று தலையில் கனக்கவேயில்லை. வருகிற வழியில் ஆட்டோக்காரன் சொன்னான், டீக்கடைக்காரன் சொன்னான். காது குளிரக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

தட்சிணாமூர்த்தி வாசலில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, சாயங்காலக் குழம்புக்குக் கெளுத்தி ஆய்ந்தாள். அவனுடைய போன் அடித்தது. கையில் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தான். ஒரு காலத்தில் முகத்துவாரத்துக்குப் பேர் கொடுத்த ராபர்ட்டின் குரல். கடலூரிலிருந்து கடைசியாகக் கிளம்புகிற படகு அவருடையது.

“மச்சான், எந்த மொகத்தாரத்துல வரணும்?”

“புதுசு மச்சான்.”

“அது தெரியுது. யாரு பேரு?”

“தாழம்பொதருக்குத் தெக்க.”

“எடமா கேட்டேன்? பேரக் கேட்டேன்யா.”

தட்சிணாமூர்த்தி ஸ்பேனரைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது. “அதான்… எங்க வூட்டு மொகத்தாரம்.”

“என்னாது?”

“வா, வா. நீலத்துணியப் பாத்து வந்து சேரு” என்று சொல்லிப் போனை அணைத்தான். கொஞ்ச நேரம் நட்டு ஒன்றைத் திருகினான். பிறகு அவள் பக்கம் பார்க்காமலே, “ந்தா, தண்ணி கொண்டா” என்றான்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனுக்கு எதிரே நின்றாள். படகின் மூக்கில் நின்ற மாதிரியே நின்றாள். மணல் மேட்டில் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணின் தொண்டையில் அன்று நின்றது, இப்போது தடை எதுவுமில்லாமல் ஏறி வந்தது. எதிர்வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

“கடலூர்ல இருக்கறவன் சொல்றான். பரங்கிப்பேட்ட பாயம்மா சொல்றாங்க. நீ சொல்லித்தான் மாமா நான் கேக்கல. ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கூப்புடு.”